ஏணி பிடிக்க ஓர் ஆள்

என் மகன் அறையின் தாழ்ப்பாளை நான் கழற்றி எடுத்ததோடு போன வாரம் கதை நின்றது. அந்தத் தாழ்ப்பாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. குனிந்தால் நெஞ்சில் குத்தியது. எடுத்து வேறெங்காவது வைக்கவும் மனசு வரவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மரியஜோசப். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில், காபி எஸ்டேட் வேலியை ஒட்டி எங்கள் வீடு. அதே எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். வாட்ச்மேன் வேலைக்கு வேற படிப்பு வேண்டியதில்லை. என் மனைவி அற்புதம். எங்களுக்கு ஒரே மகன், பென்னி. டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மழைக்காலத்தில் ஒருநாள் மூடுபனியில் காட்டெருமை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. பென்னி ஸ்டீயரிங்கை ஒடித்தான். ஜீப் காபித் தோட்டத்துக்குள் உருண்டது. பென்னிக்கு ஒரு கீறல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன் கோபிக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோபி இப்போது சேலத்தில் அவன் அம்மாவோடு இருக்கிறான்.

கோபியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த பென்னி தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே அற்புதத்திடம் சொன்னான்: "இந்தக் கைய நம்பி இனி யாரும் பக்கத்துல உக்காரக் கூடாதும்மா." அறைக்குள் போனவன் அப்படியே இருந்துவிட்டான்.

பாதர் வந்தார், தலையில் கை வைத்து ஜெபம் சொன்னார். சேலத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை என் பெட்டியில் பூட்டி வைத்து வேளைக்கு வேளை நானே கொடுத்தேன். ராத்திரி தூங்கினான். முழித்திருக்கிற நேரத்துக்கு யாரிடமும் மருந்து இல்லை. சொந்தக்காரர்கள் வந்து அவனை நடுவில் உட்கார வைத்துப் புத்தி சொன்னார்கள். நான் கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அப்புறம் எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் கயிறு, செடிக்கு அடிக்கிற மருந்து எதையும் விடாமல் எடுத்து ஒளித்தேன். கடைசியில் அவன் அறைத் தாழ்ப்பாள்.

 அவன் தாழ்ப்பாள் இல்லாத கதவைத் திறந்தே போட்டு, நிலையில் ஒரு கம்பளியை மாட்டித் தொங்கவிட்டான். அவ்வளவுதான். நான் அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அவன் இன்னும் ஒரு அடி உள்ளே போயிருந்தான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று பலமாக இருந்தது. வேலியோரத்துச் சில்வர் ஓக் மரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. அற்புதம் இட்லித் தட்டைக் கம்பளிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"சாப்புட்டானா?"

"தட்டு உள்ள போயிருக்குதுங்க."

"நான் போயி நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்."

"நீங்க கேட்ட வார்த்தையெல்லாம் அவன் காதுல இன்னும் கெடக்குது. புதுசா வேண்டாங்க."

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"அற்புதம். உள்ள இருக்கியா?"

பொன்னாயி.

இந்தப் பொம்பளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டச்சேட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயசு இளையவள். புடவைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கன்னத்தில் ஒரு பக்கம் எப்போதும் வெற்றிலை. மிளகு பறிப்பதில் இந்தப் பக்கம் அவளுக்கு ஈடு கிடையாது. ஆனால் ஊரில் அவளுக்கு வேறு பேர். எரவல் பொன்னாயி. சல்லடை வேண்டும் என்பாள், குடை வேண்டும் என்பாள், ஒரு கை உப்பு என்பாள். பொருள் என்று இல்லை, ஆளையே கேட்பாள். இன்றைக்கு என்னோடு சந்தைக்கு வா என்பாள். வெட்கமே கிடையாது.

என்னிடம் மட்டும் அவள் எதுவும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை. வாட்ச்மேனிடம் பருப்பு வேகாது என்று தெரிந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உள்ளே வந்தவள் என்னைத் தாண்டி அற்புதத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உன்ற பையன ஒரு நாளைக்கு எரவல் குடு அற்புதம்."

"மனுசன எரவல் குடுப்பாங்களா?" என்றேன் நான்.

"குடுத்துத் திருப்பி வாங்கிக்கலாங்கண்ணா. தேஞ்சா போயிருவான்?"

விஷயம் இதுதான். எங்கள் பின்சுவரை ஒட்டி எஸ்டேட் வேலி. வேலியோரத்து மரங்களில் மிளகுக் கொடி உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறது. சரம் பழுத்துவிட்டது. பறித்துக் கொடுப்பதாக எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமாம்.

மிளகு ஏணி மற்ற ஏணி மாதிரி இல்லை. ஒரே மூங்கில். ரெண்டு பக்கமும் கணுவில் விட்டுவைத்த குச்சிகளில் கால் வைத்து ஏற வேண்டும். ஒற்றை மூங்கில் என்பதால் உருளும். அதனால் ஏறுகிறவர்கள் முதல் வேலையாக ஏணித் தலையை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் கீழே யாரும் வேண்டியதில்லை. வாட்ச்மேனாக இருந்தவனுக்கு இது தெரியாதா?

"மேல கயிறு கட்டறவளுக்குக் கீழ ஆள் எதுக்கு?"

"எனக்கு வேணுங்க."

"அவன் வர மாட்டான். ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. நான் உங்ககிட்டக் கேக்கலைங்களே." கம்பளி தொங்கிய பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவும் இல்லை, இளக்கவும் இல்லை. "பென்னி கண்ணு. ஏணி புடிக்க ஆளில்ல. வர்றியா?"

உள்ளே கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது. 

"செரி சாமி. நான் மரத்துக்கிட்ட இருக்கேன்."

போய்விட்டாள்.

"மத்தியானச் சோத்துக்கு வழி பாக்கறா" என்றேன்.

அற்புதம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"ஏனுங்க, கிறிஸ்துதாஸ் ஊட்ல மரியாவுக்கு வயித்துல இருந்த கொழந்த தங்காமப் போச்சே, அப்ப பொன்னாயி அவகிட்ட என்ன கேட்டா, தெரியுங்களா?"

"ஆட்டுக்குட்டிய அந்த ஊட்ல கட்டிட்டுப் போனா. எடம் எரவல் வாங்குனா. பாவம், அந்தப் புள்ள படுத்துக் கெடக்கறப்ப அவ தலைல வேலையக் கட்டுனா. நான் அப்பவே வைஞ்சேன்."

"தாயில்லாக் குட்டிங்க அது. பாட்டில்ல பால் குடுக்கணும். ராத்திரியும் எந்திரிச்சுக் குடுக்கணும். மரியா எந்திரிச்சா."

நான் சட்டைப் பையில் கிடந்த தாழ்ப்பாளைத் தடவினேன்.

"டீக்கடைத் தங்கராஜ் சம்சாரம் செத்ததுக்கப்புறம் ஆறேழு மாசம் வாயத் தொறக்கல. பொன்னாயி தெனமும் சாயங்காலம் செல்போனக் கொண்டு போயி நீட்டுவா. பேத்தி என்னமோ அனுப்பிருக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுச் சொல்லுன்னு. படிக்கணும்னா வாயத் தொறந்துதானே ஆகணும்."

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"எங்க அம்மா போனப்ப எங்கிட்டச் சல்லடை கேட்டு வந்தா. சல்லடைய வாங்கிட்டுப் போகல. நீயே வந்து காபிக்கொட்டைய சலிச்சுக் குடுன்னா. அவ ஊட்ல ஒக்காந்து சலிச்சுட்டே அன்னிக்குத்தாங்க நான் அழுதேன். இங்க நீங்க அழ உடல."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்பளைகள் எதையும் எதோடும் முடிச்சுப் போடுவார்கள். ஆட்டுக்குட்டிக்கு இடம் வேண்டியிருந்தது, கேட்டாள். பேத்தி சேதி அனுப்பினாள், கேட்டாள். இதில் என்ன பெரிய சூட்சுமம்? நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அவள் எஸ்டேட் மிளகை எங்கள் பக்கம் சிந்துகிறாளா, எங்கள் முருங்கையை ஒடிக்கிறாளா பார்க்க வேண்டுமே.

"வாட்ச்மேன் வேலைய விட்டும் வேலிய உட்டுக் கண்ணு போகலைங்களே அண்ணா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கூரைக்கு மேலே, இலைக்கு நடுவில், அவள் சட்டை மட்டும் தெரிந்தது. பென்னியின் ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிற மரம். மூங்கில் அவள் எடைக்கு வளைந்திருந்தது. ஏணித் தலை கொடிக்குள் மறைந்து கிடந்தது. தோளில் சாக்கு. கை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காற்று வந்தது. மரம் ஒரு பக்கம் போனது, மூங்கில் இன்னொரு பக்கம் உருண்டது. அவள் ஒரு கால் குச்சியை விட்டு வெளியே தொங்கியது.

நாடகம் என்றுதான் நினைத்தேன். மேலே கட்டியிருப்பாள், கட்டின ஏணி எங்கே போகும் என்று நினைத்தேன். ஆனாலும் என் கால் தானாக ஓடியது. வேலிக் கம்பியை விலக்கி உள்ளே நுழைந்து மூங்கிலைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க புடிக்காதீங்க."

அதட்டல் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏன், என் கை ஆகாதா?"

"ஆகும். ஆனா நீங்க புடிச்சீங்கன்னா அவன் வர மாட்டான். தள்ளி நில்லுங்கண்ணா."

"நீ கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"மேல எங்க சேர்வராயன் சாமி இருக்கான், கீழ உங்க மாதா இருக்கா. நீங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வராதீங்க." அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பென்னி. ஏணி உருளுது சாமி. நீ வந்து புடிச்சாத்தான் நான் மேக்கொண்டு பறிக்க முடியும். நான் எறங்கப் போறதில்ல. இங்கதான் இருப்பேன்."

நீட்டின கை நீட்டினபடி நான் நின்றேன். மூங்கிலுக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். உதவி செய்யாமல் நிற்பது இவ்வளவு கனமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாழ்க்கையெல்லாம் ஓடிப்போய்ப் பிடித்தே பழகினவன். மறுபடி காற்று வந்தது. மூங்கில் மறுபடி உருண்டது. மேலேயிருந்து பழுத்த மிளகு நாலைந்து என் தலையில் விழுந்தன. நான் மனசுக்குள் அருள்நிறை மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி பாதியில் நின்றது.

அற்புதம் அடுப்படி ஜன்னலில் நின்றாள். முந்தானையை வாயில் அழுத்தி வைத்திருந்தாள்.

முதலில் கம்பளி விலகுகிற சத்தம். அப்புறம் சிமென்ட் தரையில் வெறுங்கால். பின்கதவு.

என் மகன் வெளியே வந்தான்.

வெளிச்சத்தில் கண் கூசி நின்றான். தாடி நெஞ்சைத் தொட்டது. லுங்கியும் கசங்கின பனியனும். அந்தக் குளிரில் அவன் தோள் எலும்பு குச்சியாகத் தெரிந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். வெளியே தொங்குகிற அந்தக் காலைப் பார்த்தான். வேலிக்குள் வந்தான். என்னை ஒரு செடியைத் தாண்டுகிற மாதிரித் தாண்டினான். ரெண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தான்.

மூங்கில் நின்றது.

அவன் கை நடுங்கியது. நான் பார்த்தேன். ஆனால் மூங்கில் நடுங்கவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மேலேயிருந்து ஒரு 'அப்பாடா' கிடையாது. ஒரு 'நல்ல புள்ள' கிடையாது. நானாயிருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். பொன்னாயி காலை எடுத்துக் குச்சியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கொஞ்சம் எடப்பக்கம் சாச்சுப் புடி."

"இப்படியா?" என்றான் பென்னி.

துருப்பிடித்த குரல். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன். அது ஒரு மூங்கிலைப் பற்றி வந்தது.

"இன்னும் கொஞ்சம். ஆங். அப்படியே இரு."

அவள் பறித்தாள். சரம் சரமாகச் சாக்குக்குள் போனது. தவறி விழுந்தது அவன் தலையிலும் தாடியிலும் ஒட்டிக்கொண்டது. அவன் துடைக்கவில்லை. துடைக்க ஒரு கையை எடுக்க வேண்டுமே. அவன் எடுக்கவில்லை.

நான் மெதுவாகப் பின்னால் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். போய்விடத் தோன்றவில்லை. கிட்டப் போகவும் பயமாக இருந்தது. சேர்வராயன் மலை உச்சியில் இடி இறங்கி நான் பார்த்திருக்கிறேன். காட்டெருமைக் கூட்டம் பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பார்த்த அதே கண்ணால் ஒரு மரத்தடியைப் பார்த்துக்கொண்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த மரம் முடிந்தது. பொன்னாயி இறங்கினாள். தரையில் கால் வைத்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏணியத் தூக்கி அடுத்த மரத்துக்குச் சாத்து கண்ணு."

பென்னி மூங்கிலை அடியோடு தூக்கி இழுத்தான். அது கொடியை உரசிக்கொண்டு லேசாகக் கழன்று அவன் கைக்கு வந்தது.

பென்னி நின்றான். மூங்கிலின் தலையைப் பார்த்தான். மரத்து உச்சியைப் பார்த்தான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மேலே கட்டியிருந்தால் இறங்குவதற்கு முன்னால் அவள் அவிழ்த்திருக்க வேண்டும். அவள் எதையும் அவிழ்க்கவில்லை.

"அத்தை" என்றான் பென்னி. "கயிறு எங்க?"

பொன்னாயி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கயிறு அவள் இடுப்பில் சுற்றியிருந்தது. சுற்றினபடி, முடிச்சுக்கூட அவிழாமல்.

"கட்டாமயா ஏறுனீங்க? இந்தக் காத்துலயா?"

"ஆமா."

"அறிவிருக்குதா உங்களுக்கு?" பென்னியின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு குச்சி ஒடிஞ்சிருந்தா என்ன ஆகும்? நான் வராம இருந்திருந்தா? உங்க ஊட்ல யாருக்குப் பதில் சொல்றது? கயிற இடுப்புல கட்டிக்கிட்டு என்ன பண்றீங்க, அழகு பாக்கறீங்களா? இனி கட்டாம ஏறுனீங்கன்னா நான் புடிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மழைக்காலத்திலிருந்து அவன் பேசாத வார்த்தையெல்லாம் சேர்ந்து அவள் தலையில் கொட்டியது. என் மகன் ஒரு மனுஷியைத் திட்டுகிறான். அவள் உயிருக்காகத் திட்டுகிறான். தன் உயிரை இத்தனை நாளாகச் சீ என்று மூலையில் போட்டு வைத்திருந்தவன்.

"செரி சாமி" என்றாள் பொன்னாயி. தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "இனிமேக் கட்டறேன்."

அடுத்த மரத்தில் அவள் கட்டினாள். பென்னி கீழேயிருந்தே பார்த்து, "இன்னொரு சுத்து" என்றான். அவள் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கட்டின பிறகு கீழே ஆள் தேவையில்லை. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

மத்தியானம் அற்புதம் ரெண்டு தட்டில் சோறு போட்டு வேலிக்குக் கொண்டுபோனாள். பென்னி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கையில் மிளகுச் சாறு கறுப்பாக ஏறியிருந்தது. "கழுவிட்டுச் சாப்புடு கண்ணு, காரும்" என்றாள் அவன் அம்மா. "இருக்கட்டும்மா" என்றான்.

அவன் வெளியே இருந்த அந்த நேரத்தில் நான் அவன் அறைக்குப் போனேன். தாழ்ப்பாளைப் பையிலிருந்து எடுத்தேன். பொருத்திவிடலாம் என்று திருப்புளியும் கொண்டுபோயிருந்தேன். கதவருகே நின்றதும் அந்தச் சாண் இடைவெளி ஞாபகம் வந்தது. நான் மாட்டினால் நான் மாட்டினதாகத்தான் இருக்கும். நாளைக்குப் பயம் வந்தால் நானே கழற்றுவேன். தாழ்ப்பாள், திருகாணி, திருப்புளி மூன்றையும் அவன் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நெஞ்சில் குத்துகிறது நின்றது. பயம் நிற்கவில்லை. மாத்திரைப் பெட்டிச் சாவி என் இடுப்பிலேயே இருந்தது. அதை இன்னும் கொஞ்ச நாளைக்கு விடப்போவதில்லை.

சாயங்காலம் பனி இறங்க ஆரம்பித்தபோது வேலை முடிந்தது. பென்னி சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ரைட்டர் ஆபீஸ் பக்கம் போனான். அவனைக் கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை. கொல்லையில் நானும் பொன்னாயியும் மட்டும். அவள் தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொன்னாயி. அவன் வராம இருந்திருந்தா என்ன பண்ணிருப்ப?"

"அங்கதான் இருந்திருப்பேன்."

"விழுந்திருந்தா?"

"அதையும் நெனச்சனுங்க. காலு நொம்ப நடுங்குச்சு. நீங்க கீழேருந்து பாக்கலையா?"

"மேல கட்டிட்டு, கட்டாத மாதிரிக் கூப்புட்டிருக்கலாமே. அவனுக்கு எங்க தெரியப் போகுது? நானே கட்டிருக்கேன்னுதான் நெனச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பரிதாபமாகத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க கயிறு இருக்குதான்னு பாத்தீங்க. அவன் என் காலப் பாத்தான். பொய்யா நடுங்குற காலு அவனுக்குத் தெரியாதுங்களா? அவன் நெசமான ஆபத்தப் பாத்தவன் அண்ணா. தேவையில்லாம ஒருத்தர எரவல் கேக்கக் கூடாதுங்க. தேவை இருந்தாத்தான் கேக்கணும். எனக்கு அங்க மேல அவன் தேவைப்பட்டான்."

"தேவைப்படற மாதிரி நீயே பண்ணிக்கிட்ட."

"ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துண்டை உதறித் தலையில் கட்டினாள்.

எனக்கு அவள்மேல் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. அது ஒரு மாதிரிக் கஷ்டமாக இருந்தது. கையில் தடி இல்லாமல் காவலுக்குப் போன மாதிரி. எல்லாருக்கும் இப்படிச் செய்வாளா, யாருக்கு எப்போது என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது, எத்தனை மரத்தில் கட்டாமல் ஏறியிருக்கிறாள், கேட்க நிறைய இருந்தது. ஆனால் சில காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று தோன்றியது.

"அப்ப வரேங்க" என்று வேலி வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். பனி அவள் பின்னாலேயே வந்தது.

"ஏனுங்கண்ணா."

"என்ன?"

"உங்ககிட்ட ஒரு எரவல் கேக்கணும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அற்புதம் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"எங்கிட்டயா?"

"ஆமாங்க."

"என்ன வேணும்? மம்பட்டியா?"

"பொருள் இல்லீங்க. நீங்கதான். நாளைக்குச் சேலம் போறேன். தனியாப் போகப் பயமா இருக்குது. துணைக்கு வரணும்."

கட்டாத ஏணியில் காற்றில் நின்றவள். சேலத்துக்குப் பஸ்ஸில் போகப் பயமாம்.

"சேலத்துல எங்க?"

 "யோசிச்சுச் சொல்லுங்க" என்று காலையில் என் மகனிடம் பேசின அதே குரலில் சொல்லிவிட்டு, வேலியைத் தாண்டிப் பனிக்குள் நடந்தாள். முதலில் தலைத்துண்டு மறைந்தது, அப்புறம் சட்டை.

நான் அற்புதத்தைப் பார்த்தேன். "எங்கிட்ட எதுக்குடி கேக்கறா? எனக்கு என்ன கேடு?"

அற்புதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எவ்வளவு நாளாக நின்றுகொண்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

மரியா. தங்கராஜ். என் வீட்டுக்காரி. என் மகன். பொன்னாயி எரவல் கேட்ட ஆள்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நல்லா இருக்கிற ஒருத்தரிடம்கூட அவள் கேட்டதில்லை.

சேலத்தில் கோபி இருக்கிறான். கோபியின் அம்மா இருக்கிறாள். நான் ஒரு தரம்கூட அவர்களைப் போய்ப் பார்க்கவில்லை.

வேலியைப் பிடித்துக்கொண்டு, ஆள் தெரியாத பனியைப் பார்த்துக் கத்தினேன்.

"பொன்னாயி. பஸ்ஸு எத்தன மணிக்கு?"